படுவான்கரைக்குப் போன சில்லு

நேற்று விடியவே எழும்பி, கீறிக்கொண்டிருந்த உழவு மெஷின் பெட்டிக்கு, சாமான்களைப் பூட்டுகிற ஜொயின்ட் கடைசியாக ஒன்றுதான் பாக்கி என்ற தெம்போடு கணினிக்கு முன்னால் குந்தினேன். ஒரு கிளிக். திரையில் நின்ற பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. இடது சில்லை, அதாவது சக்கரத்தை, காணவில்லை. பின்கதவு பெட்டிக்குள் மடிந்து, பூனை மாதிரிப் படுத்துக் கிடந்தது.

தேத்தண்ணியோடு வந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டா: "என்ன புள்ள, யானை அடிச்சதா?"

களுவாஞ்சிகுடியில் எங்களுக்கு ஒரு சின்ன வெல்டிங் கடை. அப்பா எதைச் செய்தாலும் சீமெந்துத் தரையில் சோக்கால் கீறித்தான் செய்வார். ஒருநாள் யாரோ வாளியைத் தட்டிவிட, பாதி கேட் தண்ணீரோடு வாய்க்காலுக்குள் போனது. அதோடு நான் புகுந்தேன். "இனிக் கணினியில கீறுவம் அப்பா, தண்ணி பட்டாலும் அழியாது." அழியாதுதான். ஓடிப்போகும் என்று எனக்கு அப்போது தெரியாது.

இந்த முறை வந்தது ஒரு போடியாரின், பெரிய வயல்காரரின், ஓடர். லேண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெஷினுக்குப் பெட்டி, மாரி வெள்ளாமை வெட்டுக்கு முந்தி வேணும். 8க்கு 4 அடித் தகட்டில் 6 அடி தளத்துக்குப் போனால், மிஞ்சுகிற 2 அடித் துண்டு பின்கதவுக்குச் சரி. ஃப்ரீகேட் என்கிற கீறுகிற மென்பொருளில் ஒவ்வொரு சாமானையும் தனித்தனியாகக் கீறி, எல்லாவற்றையும் சேர்க்கிற அசெம்ப்ளிப் பகுதிக்குள் கொண்டுவந்து பூட்டினேன். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பிலிருந்து அசெம்ப்ளி உள்ளேயே இருக்கிறது, காசும் இல்லை. முந்தின இரவு பார்த்தபோது பெட்டி அவ்வளவு வடிவாக நின்றது. படமெடுத்து வட்ஸ்அப் ஸ்டேட்டஸும் போட்டிருந்தேன். (இப்போது அழித்துவிட்டேன்.)

எல்லாம் தெரிகிற அளவுக்குத் திரையைச் சுருக்கினேன். பெட்டி தீப்பெட்டியளவு ஆனது. இடது ஓரத்தில், ஈ உட்கார்ந்த மாதிரி ஒரு கறுப்பு. கிட்டப் போனால் சில்லு! அளந்தேன், பெட்டியிலிருந்து 4 மீட்டர்.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"சில்லு எங்க?"

"அங்கால போய்ட்டு அப்பா."

"மேற்காலதான் போயிரிக்கி. பட்டிருப்புப் பாலத்தால ஏறியிரிக்கும்."

சிரிக்கவே இல்லை மனிசன். வெளியூர் ஆட்களுக்கு: மட்டக்களப்பு வாவிக்கு இந்தப் பக்கம், சூரியன் எழும்புகிற பக்கம், எழுவான்கரை. நாங்கள் இங்கே. அந்தப் பக்கம், சூரியன் படுகிற பக்கம், படுவான்கரை. போடியார் அங்கே. இரண்டையும் சேர்ப்பது பட்டிருப்புப் பாலம்.

கதவைத்தான் முதலில் பிடித்தேன். ஜொயின்டின் இரண்டு முகமும் பார்க்கிற திசை பிழைத்தால் சாமான் தலைகீழாகும். திருப்புகிற பொத்தானை ஒருமுறை அமத்த, கதவு எழும்பி வெளியே வந்தது. ஆனால் இரண்டாவது பிணைச்சலுக்கு ஜொயின்ட் போட்டதும் பிழை, பிழை என்று கத்தத் தொடங்கியது. அழித்துப் போட்டாலும் அதே கத்தல்.

அப்பா கிறீஸ் விரலைத் திரையில் வைத்தார் (அடையாளம் இன்னும் இருக்கிறது). "ரெண்டுக்கும் நூல் புடிச்சியா? ஒரே நூல்ல இல்லாட்டி கதவு கிறுகாது புள்ள."

அளந்து பார்த்தேன். ஒன்று தளத்திலிருந்து 25 மில்லிமீட்டர், மற்றது 28. தூக்கக் கலக்கத்தில் அடித்த இலக்கம்.

"மூண்டு மில்லிதானே? சுத்தியலால ரெண்டு போட்டா வந்திடும்."

அங்கேதான் பிரச்சினை. இரும்பு கொஞ்சம் வளைந்து கொடுக்கும், கணினி கொடுக்காது. எந்தச் சாமானுக்கும் 6 சுதந்திரம்: 3 திசையில் நகரலாம், 3 விதமாகக் கிறுகலாம். பிணைச்சல் ஜொயின்ட் அதில் 5ஐப் பிடுங்கி, கிறுகுகிற ஒன்றை மட்டும் விடும். ஒரே கதவுக்கு இரண்டு ஜொயின்ட் போட்ட நான், 6 உள்ளவளிடம் 10 கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். 28ஐ 25 ஆக்கினேன். ஒரு பிணைச்சலுக்கு மட்டும் ஜொயின்டை விட்டு, மற்றதைச் சும்மா கதவோடு ஒட்டிவிட்டேன். கத்தல் நின்றது.

சில்லுதான் ஒன்றரை மணித்தியாலம் தின்றது. அச்சைப் பார்த்தேன், சரி. துளையைப் பார்த்தேன், அதுவும் சரி. கடைசியில், எந்தச் சாமான் அசையாமல் கிரவுண்ட் ஆகியிருக்கிறது என்று பார்த்தால், விரலளவு பிணைச்சல் ஆணி! இரவு முதன்முதலாக அதைத்தான் உள்ளே எடுத்திருக்கிறேன். "இதை அசையாமல் வைக்கவா?" என்று அது கேட்க, கல்யாண வீட்டில் கறி கேட்ட மாதிரி "ஓம்" சொல்லியிருக்கிறேன். எது பாரம், எது லேசு என்று மென்பொருளுக்கு என்ன தெரியும்? காலையில் ஆணியையும் பிணைச்சலையும் சேர்த்ததும், ஆணி இருந்த இடத்துக்கு முழுப் பெட்டியும் எழும்பிப் போயிருக்கிறது.

அதாவது, சில்லு எங்கேயும் போகவில்லை. அது நின்ற இடத்திலேயே நிற்கிறது. பெட்டிதான் அதை விட்டுவிட்டு ஓடியிருக்கிறது.

"அப்ப சில்லு ஏன் கூடப் போகல்ல?" அப்பா விடுகிற ஆள் இல்லை. சாமான் பட்டியலை மேலிருந்து கீழே விரலால் எண்ணிக்கொண்டு வந்தவர் நின்றார். "ஏன் புள்ள, ரெண்டு சில்லுப் பெட்டிக்கு மூண்டு சில்லு?"

இரவு அச்சின் துளை தெரியட்டும் என்று ஸ்பேஸ் பாரை அமத்தி இடது சில்லை மறைத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மறைத்ததை மறந்து, சில்லைக் காணவில்லை என்று இன்னொன்றை எடுத்து, மவுஸால் இழுத்துக் கண்ணளவாக அச்சில் வைத்துவிட்டுப் படுத்திருக்கிறேன். ஜொயின்ட் உள்ள சில்லு ஒளிந்திருந்தபடியே பெட்டியோடு போய்விட்டது. ஜொயின்ட் இல்லாதது அநாதையாக நின்றுவிட்டது.

அப்பாவுக்கு ஒரே சந்தோசம். "பொட்டுப் பொட்டா ஒட்டி டெக் போடாம வச்சா விழும் எண்டு உனக்குச் சொல்லியிரிக்கன்தானே?"

கூடுதல் சில்லை அழித்து, ஒளிந்திருந்ததை வெளியே எடுத்து, ஆணியை விடுவித்துச் சட்டத்தை கிரவுண்ட் பண்ணினேன். கதவை இழுத்தேன், அழகாகக் கிறுகியது. அந்த நேரம் பார்த்துப் போடியாரின் கோல். அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, பெட்டி எந்தளவில?"

"நடக்குது போடியார். ஒரு சில்லு மட்டும் முந்திக் கிளம்பி உங்கட பக்கம் வந்திட்டு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"வந்தாக் கட்டி வைக்கன்," என்றார் போடியார்.