கால்சியம் போன பிறகு

எலி மூளையில் நினைவு பதிய உதவும் ஹிப்போகேம்பஸ் பகுதியை 400 மைக்ரான் தடிமனுக்குச் சீவி உப்புக் கரைசலில் போட்டு, 95 சதவீத ஆக்சிஜனும் 5 சதவீத கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயுவை அதில் குமிழிவிட்டுக்கொண்டே இருந்தால், அந்தச் சீவல் பல மணி நேரம் உயிரோடு இருக்கும். வெட்டுப்பட்ட அதிர்ச்சி அடங்குவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிறகுதான் எங்கள் வேலை தொடங்கும். நரம்பிழைகளைத் தூண்ட ஓர் எலக்ட்ரோடு, மறுமுனையில் பதிலைப் பதிவு செய்ய ஒரு கண்ணாடி ஊசி. அரை நிமிடத்துக்கு ஒரு மின் துடிப்பு கொடுப்போம். ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு பள்ளம் விழும். அதன் சரிவு இருபது நிமிடம் நிலையாக இருந்தால், நொடிக்கு 100 வீதம் ஒரு நொடி நேரம் துடிப்புகளை அடுக்குவோம். சரிவு சட்டென்று செங்குத்தாகும். நரம்பு செல்களுக்கு இடையிலான இணைப்பு, அதாவது சினாப்ஸ், வலுத்துவிட்டது என்று அர்த்தம். ஒரு மணி நேரம் கழித்தும் இறங்காவிட்டால் அதைத்தான் எல்டிபி, நீண்டகால வலுவூட்டம் என்கிறோம்.

1966-ல் ஆஸ்லோவில் டெரியே லோமோ முதலில் கவனித்தது இதைத்தான். டிம் பிளிஸோடு சேர்ந்து அவர் 1973-ல் வெளியிட்ட கட்டுரையில், மயக்க மருந்து கொடுத்த முயல்களில் இந்த மாற்றம் அரை மணி முதல் 10 மணி நேரம் வரை நீடித்ததாக எழுதினார்கள். பெங்களூரு ஆய்வகம் ஒன்றில் நான் பல வருடங்களாகச் செய்துவரும் வேலைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

புதிதாக வரும் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது, செய்தியை வாங்கும் நரம்பு செல்லின் மேல் இருக்கும் என்எம்டிஏ ஏற்பி என்ற புரதத்தை. இந்தத் துறையில் இதைவிட அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. அனுப்பும் செல் வெளியிடும் குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் வந்து ஒட்டினாலும் இந்த ஏற்பியின் வழி திறக்காது, ஒரு மெக்னீசியம் அயனி நடுவில் அடைத்துக்கொண்டிருக்கும். வாங்கும் செல்லும் அதே கணத்தில் போதிய அளவு கிளர்ந்திருந்தால்தான் அந்த அயனி வெளியே தள்ளப்பட்டு, கால்சியம் உள்ளே பாயும். அனுப்பியவரும் பெற்றவரும் ஒன்றாக விழித்திருந்தார்களா என்பதை ஒரே ஒரு புரதம் சோதித்துப் பார்க்கிறது! கரைசலில் ஏபிவி என்ற மருந்தைக் கலந்து இந்த ஏற்பியை முடக்கினால், வழக்கமான பதில் அப்படியே இருக்கும், வலுவூட்டம் மட்டும் வராது. 1986-ல் ரிச்சர்ட் மோரிஸ் குழு அதே மருந்தை எலிகளின் மூளைக்குள் செலுத்தியபோது, கலங்கிய நீரில் மூழ்கியிருந்த மேடையின் இடத்தைக் கற்றுக்கொள்ள அவை திணறின. சீவலில் பார்ப்பதும் உயிருள்ள விலங்கின் நினைவும் ஒரே கதையின் பகுதிகள் என்று நம்ப அந்த ஆய்வுதான் எனக்குத் துணை.

மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி, தன் முதல் நல்ல பதிவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அக்கா, கால்சியம் உள்ள வந்து ஒரு நொடிகூட நிக்கிறதில்ல. சரிவு மட்டும் இறங்காம நிக்குதே. நடுவுல யாருக்கா ஞாபகம் வெச்சுக்கிறா?"

நான் படித்த காலத்தில் இதற்குத் தயாராக ஒரு பதில் இருந்தது. காம்கேடூ என்ற நொதி. மூளையின் மொத்தப் புரதத்தில் ஒன்றிரண்டு சதவீதம் இதுதான். பன்னிரண்டு துணை அலகுகள் வளையமாகக் கூடியது. கால்சியம் தூண்டியதும் ஓர் அலகு பக்கத்து அலகின் 286-ஆம் அமினோ அமில இடத்தில் பாஸ்பேட்டை ஏற்றிவிடும். அதன்பின் கால்சியம் போனாலும் நொதி முழுதாக அணையாது. 1998-ல் அந்த ஓர் இடத்தை மட்டும் மாற்றிய எலிகளில் எல்டிபி வரவில்லை, இடம் கற்பதும் குன்றியது. நினைவின் சுவிட்ச் கிடைத்துவிட்டது என்றே தோன்றும்.

ஆனால் 2009-ல் யசுதாவின் குழு ஒரே ஒரு சினாப்டிக் முள்ளில், அதாவது வாங்கும் செல்லின் கிளையில் சினாப்ஸ் அமைந்திருக்கும் சிறு புடைப்பில், இந்த நொதியின் செயல்பாட்டை ஒளிரவைத்துப் பார்த்தபோது, அது சுமார் ஒரு நிமிடத்தில் அடங்கிவிட்டது. முள்ளோ பருத்தபடியே இருந்தது. 2023-ல் வந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. எல்டிபியைத் தொடங்கிவைக்க, பாஸ்பேட் ஏற்றும் வேலையைவிட, காம்கேடூ என்எம்டிஏ ஏற்பியோடு போய் ஒட்டிக்கொள்வதே முக்கியம் என்றது. பாடப்புத்தகத்தில் நான் கோடிட்டுப் படித்த வரியையே இது அசைத்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. உண்மையில் அந்த வாரம் முழுக்க ஆய்வகத்தில் வேறு பேச்சே இல்லை.

நினைவைக் காப்பதாகச் சொல்லப்பட்ட இன்னொரு நொதியான பிகேஎம் ஸீட்டாவின் கதை இதைவிடக் கரடுமுரடானது. 2006-ல் டாட் சாக்டர் குழு, இந்த நொதியைத் தடுப்பதாக நம்பப்பட்ட ஸிப் என்ற பெப்டைடை, அதாவது ஒரு குட்டிப் புரதத் துண்டை, செலுத்தி, எலிகளில் ஏற்கெனவே பதிந்திருந்த நினைவையே அழித்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. 2013-ல் இரண்டு குழுக்கள் அந்த நொதியே இல்லாத எலிகளை உருவாக்கின. அவற்றுக்கு எல்டிபியும் இருந்தது, நினைவும் இருந்தது, ஸிப் அப்போதும் வேலை செய்தது. அத்தோடு முடியவில்லை. இல்லாததன் இடத்தை உறவுக்கார நொதி ஒன்று நிரப்புகிறது என்று 2016-லும், கிப்ரா என்ற இன்னொரு புரதம் பிகேஎம் ஸீட்டாவைச் சரியான சினாப்ஸில் பிடித்துவைக்கிறது என்று 2024-லும் சாக்டரும் கூட்டாளிகளும் காட்டினார்கள். ஷிப்ட் முடிந்து போகிறவர் அடுத்து வருபவரிடம் பொறுப்பை ஒப்படைப்பதுபோல, பழைய மூலக்கூறுகள் சிதையச் சிதையப் புதியவை அதே இடத்துக்கு வந்து ஒட்டிக்கொள்கின்றன என்பது அவர்கள் வாதம். நினைவு பல வருடம் நிற்கிறது, புரதங்களோ அதைவிட மிகச் சீக்கிரம் மாறிவிடுகின்றனவே என்று பிரான்சிஸ் கிரிக் 1984-லேயே எழுப்பிய புதிருக்கு இதுவரை வந்த பதில்களில் எனக்கு அதிகம் பிடித்தது இது.

மாணவிக்கும் இதையேதான் சொன்னேன். மாற்றத்தைத் தொடங்கிவைப்பவரும் அதைக் காப்பவரும் ஒருவரே என்று எடுத்துக்கொள்ளாதே என்றேன். சொந்தக்காரர்கள் பிள்ளைகளின் பரீட்சைக்காக ஞாபகசக்தி மாத்திரை கேட்கும்போதும் எனக்குத் தோன்றுவது இதுதான். எந்தக் கட்டத்தை அந்த மாத்திரை தொடுகிறது என்று சொல்லாத விளம்பரத்தை நம்ப வேண்டாம் என்று அவர்களிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டு நன்றாகத் தூங்கச் சொல்லுங்கள் என்பேன். அவர்களுக்கு அது ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

தொடங்கிவைப்பதும் காப்பதும் வேறுவேறாக இருக்கலாம் என்பதால்தான், என் மாணவர்கள் ஒரு மணி நேரப் பதிவோடு எழுந்துபோக நான் விடுவதில்லை. இடைவெளி விட்டு மூன்று நான்கு முறை தூண்டி, நான்கு மணி நேரம் பதிவு செய்யச் சொல்கிறேன். புதிய புரதம் உருவாவதைத் தடுக்கும் அனிசோமைசின் கலந்த சீவலும் முதலில் அழகாகத்தான் வலுப்பெறும். பிறகு மெல்ல மெல்லப் பழைய சரிவுக்கே இறங்கிவிடும். அதே சீவலில், அடுக்குத் துடிப்புகள் கொடுக்காமல் விட்ட இரண்டாவது பாதையையும் கூடவே பதிய வேண்டும். அது அசையாமல் இருந்தால்தான், இறங்கியது வலுவூட்டமே தவிர சீவலின் உயிர் அல்ல என்று சொல்ல முடியும்.