மேட்டு நிலத்தில் திராட்சை: எங்கள் தோட்ட நாட்குறிப்பு

2021 நவம்பர் 14

மண் பார்க்க நான்கு குழி வெட்டினோம். மேட்டில் ஒரு முழம் செம்மண், அதற்குக் கீழே கடப்பாரைக்கும் மசியாத வெள்ளைச் சுண்ணாம்புச் சரளை. சுண்ணாம்பு மிகுந்தால் வேர் இரும்புச்சத்தை எடுக்கத் திணறும், இலை வெளுத்து மஞ்சளாகும். அதைத் தாங்கும் 41பி வேர்ச்செடியில் ஒட்டிய கன்றுகளுக்குச் சொல்லி வைத்தோம். ரகம் டெம்ப்ரனியோ. ஸ்பெயினின் ரிபேரா டெல் துவேரோ பீடபூமியில் விளைகிற கறுப்பு ஒயின் திராட்சை, சீக்கிரம் பழுக்கும். எங்கள் நிலம் 1,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே கோடை குறுகியது.

2022 ஏப்ரல் 3

600 கன்றும் நட்டாயிற்று. வரிசைக்கு வரிசை இரண்டரை மீட்டர், கன்றுக்குக் கன்று 1.2 மீட்டர். ஒட்டுக்கட்டு மண்ணுக்கு மேலே நான்கு விரல் இருக்க வேண்டும். மண்ணுக்குள் போனால் மேல்கொடி தன் வேரை விட்டுவிடும், வேரைத் தாக்கும் ஃபைலோக்சரா பூச்சிக்கு எதிராக ஒட்டுப் போட்டதே வீண்.

கடைசி ஐந்து வரிசை வேண்டாம் என்றார் அப்பா. காலைப் பனி அங்கேதான் கடைசியாகக் கரைகிறதாம். ஆனால் ஆழமான நல்ல மண் அங்கேதான் இருக்கிறது. நட்டுவிட்டேன்.

2022 ஜூலை 19

நல்ல காற்று. கன்றுக்கு ஒரு தளிர் மட்டும் விட்டு, குச்சியோடு கட்டினோம்.

2023 மே 6

அதிகாலை 4 மணிக்கு அப்பா கதவைத் தட்டினார். “எழுந்திருப்பா, காத்தே அசையல.”

காற்றும் மேகமும் இல்லாத இரவில் மண் பகலில் வாங்கிய சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடும். மேல் வரிசையில் வெப்பமானி 1 டிகிரி காட்டியது. இறங்க இறங்கக் குறைந்து, கடைசி வரிசையில் மைனஸ் 3. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரிப் பள்ளம் தேடி ஓடும். ஓடி வந்ததை அடியில் இருக்கும் எங்கள் கல்சுவரே அணைபோல் தடுத்துத் தேக்கியிருக்கிறது. டார்ச் அடித்தபடி சுவரோரம் நின்றபோது முழங்கால் வரை அந்தக் குளிர் தனியாகத் தெரிந்தது.

வெயில் ஏறியதும் விரல் நீளத் துளிர்கள் வெந்நீர் பட்டதுபோல் தொங்கின. அம்மா ஒரு வரிசை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பா எதையும் சொல்லிக் காட்டவில்லை, கடப்பாரையை எடுத்துக்கொண்டு சுவரை உடைக்கப் போனார். மதியத்துக்குள் இரண்டு பெரிய திறப்பு.

2023 மே 27

கருகிய கணுக்களில் பச்சை! திராட்சையின் ஒரு மொட்டுக்குள் மூன்று மொட்டு உண்டு. முதலாவது செத்தால் இரண்டாவது எழும். காய் குறையும், ஆனால் கொடி பிழைக்கும். இதைப் படித்திருந்தேன். கண்ணால் பார்த்தபோது அழுகை வந்தது.

2024 ஏப்ரல் 30

இந்த முறை கீழ் வரிசைகளைக் கவாத்து செய்யாமல் நீளமாகவே விட்டிருந்தோம். நுனி மொட்டுகள் முதலில் விழிக்கும், அடிமொட்டுகளை அவை அடக்கி வைக்கும். நேற்று இரவு மைனஸ் 1. நுனிகள் கருகின, நமக்கு வேண்டிய அடிமொட்டுகள் இன்னும் மூடியே இருக்கின்றன. உறைபனிப் பயம் தீர்ந்ததும் வெட்டிக்கொள்ளலாம்.

2024 செப்டம்பர் 24

பகலில் 28 டிகிரி, இரவில் 9. இந்த ஏற்ற இறக்கத்தால்தான் இனிப்பு ஏறியும் புளிப்பு இறங்காமல் நிற்கிறது. உயரத்தில் புற ஊதாக் கதிர் அதிகம் என்பதால் தோல் தடித்து, நிறம் விரலில் ஒட்டுகிறது. விதை பழுப்பாகிவிட்டது, கடித்தால் கசப்பில்லை. சாற்றின் சர்க்கரை அளவு 24 பிரிக்ஸ். நாளை அறுவடை.

2024 அக்டோபர் 1

410 கிலோ. தொட்டியில் சாறு நொதித்து நுரை பொங்குகிறது. மேலே மிதந்து ஏறும் தோலைக் காலையும் மாலையும் அமுக்கிவிட வேண்டும். கரியமில வாயு தரையோரம் தேங்கும், அதனால் கதவைத் திறந்து வைத்த பிறகுதான் மகளை உள்ளே விடுகிறோம்.

கீழ் வரிசைகளில் 38 கிலோதான். அதைத் தனி டிரம்மில் வைக்கச் சொன்னார் அப்பா. தினமும் அதை அவரேதான் அமுக்குகிறார்.