சாக்குக்குள் கை

நான் பொறியியல் படித்தது பேராதனையில். வேலை கற்றுக்கொண்டது ஸ்டோரில். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் தோட்டங்களில் இன்றும் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். இலங்கை மலையகத்தில், நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு தோட்டத்தில் இயந்திரங்களுக்குப் பொறுப்பாகச் சேர்ந்த அன்று, அம்மா ஸ்டோரின் காவல் தெய்வமான ரோதைமுனிக்குத் தேங்காய் உடைத்தார். அவர் முப்பது வருடம் கொழுந்து பறித்த மலை அந்த ஸ்டோருக்கு மேலேதான் இருக்கிறது.

ஆறாம் மாதம் தேயிலை கெட ஆரம்பித்தது. மத்தியானக் கொழுந்தில் வரும் தூளில் மட்டும் சாயம் மங்கி, ஒரு புளித்த வாடை. நான் நேரே உலர்த்தும் இயந்திரத்திடம் போனேன். பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்கு தண்ணீர். கடைசியில் அதை 3 சதவீதம் அளவுக்குக் கொண்டுவருவது அந்த இயந்திரம்தானே. வெப்பமானியை மாற்றினேன், விசிறியின் பெல்ட்டை மாற்றினேன். தூள் அப்படியே இருந்தது.

வாட்டும் தொட்டியில் கொழுந்து பரப்புகிற பெரியம்மா ஒருவர் இரண்டு நாள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கூப்பிட்டார். "தம்பி, மெசின விட்டுட்டு இங்க வாங்க. லொறியில வந்த சாக்குக்குள்ள கைய விட்டுப் பாருங்க."

விட்டேன். மேலே கொழுந்து குளிர்ந்திருந்தது. முழங்கை வரை போனதும் அடுப்பங்கரைச் சுவரைத் தொட்டதுபோல வெதுவெதுப்பு. கைப்பிடி அளவு வெளியே எடுத்தால் இலையோரமெல்லாம் செம்பு நிறம். பறித்த பிறகும் கொழுந்து மூச்சுவிட்டுக்கொண்டுதான் இருக்கும். இறுக்கி அடைத்தால் அந்தச் சூடு போக வழியில்லை. மழையில் ஒரு பாதை சரிந்ததால் லொறி சுற்றி வந்துகொண்டிருந்தது. முதலில் ஏற்றிய சாக்குகள் மூன்று மணி நேரம் அடியில் கிடந்தன.

புதிதாக எதுவும் வாங்கவில்லை. லொறியை இரண்டு நடையாக விட்டோம், ஒரு சாக்கில் அடைக்கும் அளவைக் குறைத்தோம். அந்தக் கிழமையே வாடை போய்விட்டது.

முறைமைப் பொறியியல் என்ற பெயரே எனக்கு அப்புறம்தான் தெரியும். உறுப்புகளைத் தனித்தனியாகப் பார்க்காமல், அவை ஒன்றோடொன்று சேரும் இடங்களைப் பார்க்கிற படிப்பு. எதுவரை நம் முறைமை என்று எல்லைக்கோடு போடுவதுதான் அதில் முதல் வேலை. நான் அந்தக் கோட்டை ஸ்டோர் வாசலில் போட்டிருந்தேன்.

பல வருடம் கழித்து அதையே கற்பிக்க வந்தபோது, பாடத்தை எங்கள் ஆற்றிலிருந்தே தொடங்கினேன். காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீர் விமலசுரேந்திர மின்நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றிவிட்டு நோர்ட்டன் குளத்துக்கு வருகிறது. அங்கிருந்து 1950இல் இயங்கத் தொடங்கிய பழைய லக்சபான மின்நிலையத்துக்கு. மவுசாகலை நீர்த்தேக்கத்துத் தண்ணீர் கெனியன், புதிய லக்சபான மின்நிலையங்கள் வழியாக வருகிறது. இரண்டும் கீழே ஒன்றுசேர்ந்து பொல்பிட்டியவுக்குப் போகின்றன. மேலே ஒருவர் திறந்துவிடுவதுதான் கீழே இன்னொருவருக்கு வரவு. ஒரு நிலையத்துக்கு மட்டும் நல்லதாகப் படுவது அடுத்ததற்கு நல்லதாக இருக்கவேண்டும் என்றில்லை. இந்த வரைபடத்தைப் போட்டதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். பாதிப் பேர் அந்தத் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

போன வருடம் கொழுந்தின் பயணத்தை வரையச் சொன்னேன். எல்லாரும் கொழுந்து நிறுக்கும் இடத்தில் தொடங்கினார்கள். வருடக்கணக்காகப் பலகையில் நானும் அங்கேதான் தொடங்கிக்கொண்டிருந்தேன். பொகவந்தலாவைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தியின் தாளில் மட்டும் முதல் பெட்டிக்குள் ஒரு கை.

"சேர், கூடையில போடாம கைநிறைய இறுக்கிப் பிடிச்சிருந்தா அங்கயே கொழுந்து கன்றிப்போகும். அம்மா சொல்லுவாங்க."

பலகையில் இருந்த என் கோட்டை அழித்துவிட்டு, சோக்கட்டியை அவளிடம் கொடுத்தேன்.