பென்சிலினுக்கு ஒரு சிக்கன ஸ்காட்ச்: நான்காம் சுற்று

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை வீணாக்கிய பிறகுதான் புத்தி வந்தது. பென்சிலின் என்ற காக்டெயிலுக்கென்று (மருந்து அல்ல, மதுக்கலவை) விலை குறைந்த பிளெண்டட் ஸ்காட்ச், அதாவது பல விஸ்கிகளைக் கலந்து செய்த ஸ்காட்ச், ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்காக நான்கு புட்டிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் கொண்டு அந்தக் காக்டெயிலைக் கலந்து குடித்துப் பார்த்தேன். மூன்று முறையும் நான்கும் ஒரே மாதிரி இருந்தன.

குற்றவாளி மேலே மிதந்துகொண்டிருந்தது. சாம் ராஸ் 2005இல் நியூயார்க்கின் மில்க் அண்ட் ஹனி மதுக்கூடத்தில் உருவாக்கிய பானம் இது. ஸ்காட்ச், எலுமிச்சைச் சாறு, இஞ்சித் தேன் பாகு மூன்றையும் ஐஸோடு குலுக்கி ஊற்ற வேண்டும். கடைசியில் மேலே விடும் ஐலா விஸ்கி (ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் செய்யும் புகைமணம் கொண்ட விஸ்கி) வெறும் 7.5 மி.லி.தான். ஆனால் அந்தப் பீட் புகை, அதாவது சதுப்பு நிலத்துக் கரிமண்ணை எரித்த புகை, மூக்கில் ஏறிய பிறகு கீழே இருக்கும் 60 மி.லி. எதுவானால் என்ன? மூன்று வாரமாக நான் அந்த மேல்துளிக்கே மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான்காம் சுற்றில் ஐலாவை அலமாரியிலேயே விட்டுவிட்டேன். ஷேக்கரையும் தொடவில்லை. முதல் குவளைக்குக் குலுக்கும்போது ஐஸ் கல்லாக இருக்கும். நான்காவதற்கு வரும்போது பாதி உருகி நிற்கும். கையும் சோர்ந்துவிடும். எவ்வளவு நீர் கலந்தது என்று யாருக்குத் தெரியும்? அதனால் குளிர்ந்த நீரையே அளந்து ஊற்றினேன்: விஸ்கி 20 மி.லி., எலுமிச்சைச் சாறு 7.5, இஞ்சித் தேன் பாகு 7.5, நீர் 15. முழுக் குவளையின் மூன்றில் ஒரு பங்கு. மருந்து ஏற்றும் ஊசிக்குழல் இருந்தால் இதற்கு அதைவிடச் சிறந்த கருவி கிடையாது. மது அளக்கும் சிறு கோப்பையான என் ஜிகரின் உள்கோடுகளை இனி நான் நம்பப்போவதில்லை.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் புலப்பட்டது. 40 சதவீத ஆல்கஹால் உள்ள விஸ்கி இந்தக் கலவையில் 16 சதவீதமாக இறங்குகிறது. 43 சதவீதப் புட்டி 17ஐத்தான் தொடுகிறது. லேபிளில் 43ஐப் பார்த்துக் கூடுதல் காசு கொடுத்த என்னை நானே திட்டிக்கொண்டேன்.

குவளைகளின் அடியில் மையால் எண் எழுதியது அடுத்த அசட்டுத்தனம். குளிர்நீர் பட்டு வெளியே வியர்த்ததும் 2, 3 இரண்டும் மேஜைத் துணியில் நீலக் கறையாகிவிட்டன. பென்சிலால் எழுதிய காகிதத்தை செலோடேப்பில் ஒட்டி மறுபடியும் தொடங்கினேன். எது எந்த விஸ்கி என்று எனக்குத் தெரியாதிருக்கக் குவளைகளை இடம் மாற்றி வைத்தது என் மனைவி.

முடிவு எனக்கே பிடிக்கவில்லை. வெறுமனே குடிக்கையில் நான் உருகிப்போகும் 12 ஆண்டுப் புட்டி, எலுமிச்சை பட்டதும் வாயைத் திறக்கவே இல்லை. தேனும் உலர்திராட்சையுமாக அதில் எனக்குப் பிடித்ததெல்லாம் பாகின் இனிப்புக்குள் போய் ஒளிந்துகொண்டது. வெளிர்நிறப் புட்டி ஒன்று எலுமிச்சைச் சர்பத்தாகவே மாறிவிட்டது. தலை நிமிர்ந்து நின்றது டீச்சர்ஸ் ஹைலேண்ட் கிரீம். அதன் அடிநாதம் ஆர்ட்மோர் வடிசாலையின் பீட் புகையேறிய மால்ட் (முளைவிட்ட பார்லி) விஸ்கி. புளிப்பு அடங்கிய பிறகு தொண்டையில் ஒரு சாம்பல் வாசனை தங்குகிறது. நேராகக் குடித்தால் முரடு. இங்கே அந்த முரடுதான் வேலை செய்கிறது.

பாகைப் பற்றி ஒரு வார்த்தை. கருந்தேன் வேண்டாம், அது விஸ்கியோடு மல்லுக்கு நிற்கிறது. இஞ்சியைக் கொதிக்க வைத்தால் காரம் மந்தமாகிறது என்று எனக்குத் தோன்றுவதால், பச்சையாக அரைத்துப் பிழிந்து, சூடு ஆறிய தேன்பாகில் சேர்க்கிறேன். அப்படியும் மூன்றாம் நாளே காரம் இறங்கிவிடுகிறது. ஐலாவுக்காக முழுப் புட்டி வாங்கவும் வேண்டாம்: 50 மி.லி. குட்டிப் புட்டி ஒன்றில் ஆறு பென்சிலினுக்கு மேல்துளி வந்துவிடும்.

அடுத்து ராப் ராய் என்ற ஸ்காட்ச் காக்டெயில். எலுமிச்சை இல்லாமல் இனிப்பு வெர்மூத்தும் (மூலிகை மணமேற்றிய ஒயின்) பிட்டர்ஸும் (கசப்பு மூலிகைச் சாறு) மட்டும் ஸ்காட்சோடு சேரும் அந்தக் குவளையில், இன்று தோற்ற 12 ஆண்டுப் புட்டிக்கு வாய்ப்பிருக்கிறது என்று நினைக்கிறேன். வெர்மூத் வாங்கியாயிற்று. திறந்தால் ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். பாகுக் குப்பிகளை அகற்றினால்தான் அதற்கு இடம்.

ஆனால் அதற்கு முன் ஒரு பாக்கி இருக்கிறது. எல்லாவற்றையும் குறித்து முடித்த பிறகுதான் மனைவி சொன்னாள்: மேஜையில் ஐந்து குவளைகள் இருந்தன, எனக்குத் தெரியாமல் ஒரே விஸ்கியை இரண்டில் ஊற்றியிருக்கிறாள். எண்ணிப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அந்த இரண்டில் ஒன்றுக்கு நான் போட்டது 7, மற்றதற்கு 5. இரண்டும் டீச்சர்ஸ் இல்லை என்பது மட்டும் ஆறுதல். ஐந்தாம் சுற்றுக்கு எலுமிச்சை வாங்க வேண்டும்.