கேஸ் மாத்திரையும் ஒரு தலை ஸ்கேனும்

மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை. கர்ப்பம் இல்லை, தைராய்டும் சரி. தாய்ப்பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் மட்டும் 92. எங்கள் லேப் கணக்குப்படி 25-க்குள் இருக்க வேண்டியது. “மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருக்கலாம், எம்ஆர்ஐ எடுத்துட்டு வாங்க” என்றார் டாக்டர். கட்டி என்று காதில் விழுந்த பிறகு அவர் சொன்ன எதுவும் மண்டையில் ஏறவில்லை.

காலை 6 மணி பஸ் பிடித்து ஸ்கேன் சென்டருக்குப் போனால், கவுண்டரில் முதல் கேள்வி: “கிரியாட்டினின் ரிப்போர்ட் எங்கம்மா?” சீட்டில் அப்படி எதுவும் எழுதவில்லை. “படம் தெளிவா தெரிய கான்ட்ராஸ்ட் ஊசி போடணும்னா கிட்னி டெஸ்ட் வேணும், எல்லாருக்கும் தெரியுமே!” எனக்குத் தெரியாதே. முதல் நாள் போனில் பேசியதும் அதே குரல்தான்; வெறும் வயிற்றில் வரச் சொன்னதோடு சரி. அரை நாள் சம்பளமும் பஸ் காசும் போனது. நீங்கள் போவதானால் கான்ட்ராஸ்ட் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். மெட்டியையும் வீட்டிலேயே கழற்றி வையுங்கள். மறுமுறை போனபோது சோப்பு போட்டு இழுத்துத்தான் என்னுடையது வந்தது.

ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. அப்படியானால் 92 எங்கிருந்து வந்தது?

ஹார்மோன் டாக்டர் ரிப்போர்ட்டைக்கூட அப்புறம்தான் பிரித்தார்.

“என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?”

“ஒண்ணும் இல்ல சார்.”

“நெஞ்செரிச்சலுக்கு?”

“அது கேஸ் மாத்திரைதானே சார். நாலு மாசமா காலையில ஒண்ணு.”

கைப்பையிலிருந்த அட்டையை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலோடு, குமட்டலுக்கான டொம்பெரிடோனும் சேர்ந்த மாத்திரை. மற்ற ஹார்மோன்களுக்கு, மூளையின் ஒரு பகுதியான ஹைப்போதாலமஸ் பெரும்பாலும் ‘சுர’ என்று பிட்யூட்டரிக்கு உத்தரவு போடுமாம். புரோலாக்டின் மட்டும் தலைகீழ்: டோபமைன் என்ற ரசாயனத்தை அனுப்பி, சுரக்கவிடாமல் அடக்கியே வைத்திருக்கும். டொம்பெரிடோன் அந்த டோபமைனை வேலை செய்யவிடாது. ரத்தத்தில் இருக்கும் மருந்துகளை எளிதில் உள்ளே விடாத ஒரு காவல் மூளைக்கு உண்டாம்; அதைத் தாண்டி டொம்பெரிடோன் அவ்வளவாக நுழையாதாம், ஆனால் பட்டாணி அளவு பிட்யூட்டரி அந்தக் காவலுக்கு வெளியே இருக்கிறது. அடக்க ஆளில்லாமல் புரோலாக்டின் ஏற, அது மாதவிலக்கை நடத்தும் ஹார்மோன்களை அமுக்கிவிட்டது. நாலு மாதமாக நானே காசு கொடுத்து வாங்கி விழுங்கியிருக்கிறேன்!

அந்த மாத்திரையை நிறுத்தி ஒரு வாரம் கழித்து மறுபடி டெஸ்ட். தூக்கத்தில் புரோலாக்டின் ஏறும் என்பதால் எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, லேபில் கொஞ்ச நேரம் அமைதியாக உட்கார்ந்த பிறகு ரத்தம் கொடுக்கச் சொன்னார். முதல் தடவை எழுந்ததும் ஓடிப்போய், மூச்சிரைக்கக் கை நீட்டியிருந்தேன். இப்போது 14. மூன்றாவது வாரம் மாதவிலக்கும் வந்தது.

மனநல மாத்திரைகள் சிலவும் புரோலாக்டினை ஏற்றும் என்றார். ஆனால் அவற்றை டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிடக் கூடாது. நாம் மாத்திரை என்றே நினைக்காதது உட்பட எல்லா அட்டைகளையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள்.

போன வாரம் வெறும் பான்டோபிரசோல் கேட்டேன். “அதேதான்கா, கம்பெனி வேற” என்று மெடிக்கல் ஷாப் பையன் ஓர் அட்டையை நீட்டினான். கண்ணாடியைப் போட்டு அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தேன். டொம்பெரிடோன் 30 மி.கி. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.