சிம்லாவில் ஒரு மேசை

சிம்லாவின் அப்சர்வேட்டரி குன்றில், தேவதாரு மரங்களுக்கு நடுவே சாம்பல் நிறக் கல்லில் எழுந்து நிற்கிறது பழைய வைஸ்ராய் மாளிகை. டஃப்ரின் பிரபு 1888இல் குடிபுகுந்த இந்த மாளிகையை வடிவமைத்த ஹென்றி இர்வினுக்கு நம் சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் பங்குண்டு. ஆனால் அந்தச் செந்நிறத்தின் சாயல் இங்கே துளியும் இல்லை.

இப்போது உயர் ஆய்வு நிறுவனமாக இயங்கும் இம்மாளிகைக்குள் எங்களை அழைத்துச் சென்ற வழிகாட்டி, ஒரு மேசையைக் காட்டி, பிரிவினை முடிவானது இங்கேதான் என்றார். எனக்கு அதில் உடன்பாடில்லை.

1906 அக்டோபர் 1 அன்று, ஆகா கான் தலைமையில் முஸ்லிம் பிரமுகர்கள் 35 பேர் இதே மாளிகையில் அன்றைய வைஸ்ராய் மின்டோ பிரபுவைச் சந்தித்துத் தனித் தொகுதி கேட்டார்கள். 1909ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கொடுத்தது. முஸ்லிம் இடங்களுக்கு முஸ்லிம்கள் மட்டுமே வாக்களிப்பார்கள் என்றான பிறகு, அந்த இடங்களுக்கு நிற்கும் வேட்பாளர் எவரும் அடுத்த மதத்தவரின் வாசலில் போய் நிற்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. 1916இல் லக்னோவில் காங்கிரசும் இதற்கு இசைந்தது என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

அப்படியும் 1937 தேர்தலில் முஸ்லிம் இடங்களில் கால் பங்குகூட ஜின்னாவின் முஸ்லிம் லீகுக்குக் கிடைக்கவில்லை. ஐக்கிய மாகாண (இன்றைய உத்தரப் பிரதேசம்) அமைச்சரவையில் லீகைச் சேர்த்துக்கொள்வது பற்றிய பேச்சு முறிந்ததும், 1939இல் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகியதும் ஜின்னாவுக்குக் களத்தைத் திறந்துவிட்டன. 1945 ஜூன் 25 அன்று வைஸ்ராய் வேவல் இங்கே கூட்டிய மாநாட்டில், வைஸ்ராயின் நிர்வாகக் குழுவின் முஸ்லிம் உறுப்பினர்களை லீக் மட்டுமே நியமிக்க வேண்டும் என்று ஜின்னா பிடிவாதமாக நின்றார். காங்கிரசின் தலைவராக வந்திருந்தவரோ மௌலானா ஆசாத், அவரே ஒரு முஸ்லிம். ஜின்னாவை விலக்கிவிட்டு மேற்கொண்டு செல்ல வேவல் துணியாததால், ஜூலை 14 அன்று மாநாடு கலைந்தது. அது லீகின் மறுப்புரிமையை ஒப்புக்கொண்டதற்குச் சமம் என்பதே என் எண்ணம். அடுத்து வந்த தேர்தலில் மத்திய சட்டமன்றத்தின் 30 முஸ்லிம் இடங்களையும் லீக் வென்றது.

1947 மே மாதத்தில் மவுண்ட்பேட்டன் காட்டிய அதிகார மாற்றத் திட்டத்தை நேரு இங்கே மறுத்ததும், அவருடைய அரசியல் சீர்திருத்த ஆணையர் வி.பி. மேனன் சில மணி நேரத்தில் மாற்று வரைவை எழுதி முடித்ததும் அதன் பிறகு நடந்தவை.

மின்டோ அந்தக் குழுவை வரவேற்ற நடனக் கூடம் எங்கே என்று வழிகாட்டியிடம் கேட்டேன். அது இப்போது நூலகம், பார்வையாளர்கள் உள்ளே செல்ல வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு, மேசையைப் பார்க்கக் காத்திருந்த அடுத்த குழுவை அழைக்கப் போய்விட்டார்.