பேனலில் என் பெயர்

நவம்பர் 2, 2025, ஞாயிறு
மழை. கிளைக் கூட்டம் தள்ளிப்போனது.

நவம்பர் 4, செவ்வாய்
கட்சியின் வட்ட மாநாட்டில் புது வட்டக்குழுவுக்கு முன்கூட்டியே தயாரித்து வைக்கும் பட்டியல்தான் பேனல். அதில் என் பெயர் இருக்கிறதாம். செயலாளர் தோழர் பைக்கை நிறுத்திச் சொன்னார். "பெண்ணுக்குப் பெண்ணும் ஆச்சு, பட்டியல் இனமும் ஆச்சு, நாற்பதுக்குக் கீழேயும் ஆச்சு தோழர்." சந்தோஷமாகத்தான் சொன்னார். மூன்று பேரைக் கொண்டுவர வேண்டிய கணக்கு என் ஒருத்தியிலேயே தீர்ந்துவிட்டது. மிச்ச இடங்களில் யார் என்று கேட்கவே வேண்டாம். போன தடவை இருந்தவர்கள்தான்.

நவம்பர் 5, புதன்
தேயிலைக் கொழுந்தில் ஈரம் என்று எடை போடுகிறவன் மூன்று கிலோ கழித்துவிட்டான். சண்டை. தொண்டை கட்டிக்கொண்டது.

நவம்பர் 9, ஞாயிறு
தூக்கம் இல்லை. அதே நினைப்பு.

ஊராட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-லேயே சட்டம் வந்தாயிற்று. அதை வரவேற்று கூடலூரில் கோஷம் போட்டவர்கள்தான் நாங்கள். கட்சிக்குள் மூன்றில் ஒரு பங்கு கேட்டால் மட்டும் "தகுதியான தோழர்கள் கிடைக்கணுமே" என்கிறார்கள். தகுதி என்றால் என்ன? கூட்டம் சாயங்காலம் ஆறு மணிக்கு, கூடலூரில். ஒன்பது மணிக்கு மேல் பந்தலூர் ரோட்டில் யானை நிற்கும். போன குழுவில் இருந்த சேரம்பாடி அக்கா மூன்று கூட்டம் வரவில்லை, பெயரை எடுத்துவிட்டார்கள். மினிட்ஸில் "தொடர்ந்து வராததால்" என்று இருக்கிறது. யானையைப் பற்றி ஒரு வரி இல்லை.

நானும் அப்படித்தான் போவேன்.

நவம்பர் 11, செவ்வாய்
ஏப்ரலில் மதுரையில் மார்க்சிஸ்ட் கட்சியின் 24-வது அகில இந்திய மாநாடு. நம்ம கட்சி இல்லை, ஆனாலும் அது மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. மத்தியக் குழுவுக்கு வைத்த பேனலுக்கு வெளியே மகாராஷ்டிரத் தோழர் டி.எல்.கராட் நின்றார். 31 ஓட்டு. "அவ்வளவுதானா?" என்று வீட்டுக்காரர் சிரித்தார். அவர் நின்றதால்தானே பெட்டியே வைத்தார்கள்! இல்லாவிட்டால் கைதட்டலோடு முடிந்திருக்கும்.

நவம்பர் 13, வியாழன்
பேனலில் ஒரு ஆதிவாசி கூட இல்லை. பணியர் காலனி இல்லாத ஊரா இது? எங்கள் கிளையிலேயே பணியர் அக்கா ஒருத்தர் இருக்கிறார். பட்டா மனுவுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் படி ஏறி ஏறி ஆட்களைத் திரட்டியவர். மாநாட்டில் எழுந்து அவர் பெயரை முன்மொழியப் போகிறேன் என்றேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு, "தோத்தா ஆரு முகத்துல முழிக்க? நீ இரு, போதும்" என்றார்.

போதாது அக்கா.

நவம்பர் 14, வெள்ளி
மழை விட்டது. கம்பளியைக் காயப்போட்டேன்.

நவம்பர் 15, சனி
செயலாளர் போன் செய்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். "மேல்கமிட்டித் தோழர் வர்றாரு, போட்டி வேணாம், ஒருமனதா முடிச்சிருவோம். அடுத்த தடவை பார்த்துக்கலாம்." அடுத்த தடவை என்றால் மூன்று வருஷம். முன்மொழிய எனக்கு உரிமை இருக்கா இல்லையா என்று மட்டும் கேட்டேன். இருக்கு என்றார். அப்புறம் ரொம்ப நேரம் அமைப்பு ஒற்றுமையைப் பற்றிப் பேசினார்.

நவம்பர் 16, ஞாயிறு
மாநாட்டுக்குப் போக ஜீப் வந்துவிட்டது. அக்கா முன்சீட்டில். சம்மதமா என்று கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். சரி, ராத்திரி எழுதுகிறேன்.